பரண் மேல் டிசம்பர் மான்: வாசகர் கேள்வி பதில்

வில்லால் மான் வேட்டையாடுவது பற்றிச் சென்ற மாதம் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே தருகிறோம். பதில் சொல்பவர் சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளில் உயரப்பணிப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குளிர்காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தம்பி குடும்பத்தோடு தங்கி, உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறவர்.

கேள்வி (பொங்கோல் வாசகர்): என் மச்சான் விஸ்கான்சினில் இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்ட பிறகு, டிசம்பரில்தான் நான் அங்கே போக முடியும். மான்கள் இணைசேரும் பருவம் நவம்பரோடு முடிந்துவிடும், டிசம்பரில் பனியில் போய் உட்காருவது வீண் என்கிறார் அவர். அப்படியா அண்ணே?

பதில்: பாதி சரி. அங்கே இருப்பது வெண்வால் மான். அதன் பருவம் உச்சத்துக்கு வருவது நவம்பர் நடுவில். குளிர் கூடியதால் வருகிறது, பௌர்ணமியால் வருகிறது என்றெல்லாம் சொல்வார்கள். உண்மையில் பகல் பொழுது குறையக் குறையத்தான் மானின் உடம்பு மாறுகிறது. அதனால்தான் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட அதே தேதிகளில் வருகிறது.

உங்கள் மச்சான் விட்டுவிட்ட மறுபாதி இது. ஒரு பிணைமான் (பெண்மான்) கலைமானை (ஆண்மானை) ஏற்றுக்கொள்ளும் வேளை ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அப்போது கருத்தரிக்கவில்லை என்றால் சுமார் 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும். நவம்பர் நடுவில் தவறியது டிசம்பர் நடுவில் திரும்பி வருகிறது. இதோடு, அந்த ஆண்டு மே, ஜூனில் பிறந்த பெண்குட்டிகளில் நன்றாக மேய்ந்து தேறியவை டிசம்பரில்தான் முதன்முதலாகப் பருவமடையும். ஆக, உங்கள் பள்ளி விடுமுறையும் அந்த இரண்டாம் பருவமும் ஒன்றாகவே வருகின்றன.

ஆனால் நவம்பரில் நடக்கும் துரத்தலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கலைமான் தீனியை மறந்து அலைந்ததில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் கால் பங்கு வரை இழந்திருக்கும். நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டையும் நடந்து முடிந்திருக்கும். அதில் தப்பிய மான் வெளிச்சத்தில் நடமாட அஞ்சும். அதற்கு இப்போது முதல் தேவை தீனி. அறுவடை முடிந்த சோள வயல், சோயா வயல், கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும் ஓக் மரச் சரிவு என்று எங்கே தீனி இருக்கிறதோ அங்கே பிணைகளும் குட்டிகளும் சாயங்காலம் வரும். அவற்றின் பின்னால் கலைமான் வரும். நவம்பரில் நாள் முழுக்க மரத்தில் கட்டிய பரணில் இருப்பது பலன் தரும். டிசம்பரில் பிற்பகல் ஏறி, இருட்டுக்கு முந்தின கடைசி ஒரு மணி நேரத்துக்குக் காத்திருப்பதே நல்லது. காலையில் இருட்டோடு வயலைக் கடந்து போனால் மேய்ந்துகொண்டிருக்கும் மான்களை எல்லாம் கலைத்துவிடுவீர்கள்.

எந்த மரத்தில் பரண் கட்டுவது என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். கலைமான் வயல் ஓரத்தில் தாழ்ந்த கிளை ஒன்றின் கீழே குளம்பால் தரையைச் சுரண்டும். சருகு விலகி வெறும் மண் தெரியும். மேலே தொங்கும் சிறு கிளையை வாயால் கடித்து நக்கி, கண்ணோரத்துச் சுரப்பியையும் நெற்றியையும் அதில் தேய்த்து வாசனை வைத்துவிட்டுப் போகும். நவம்பரில் இப்படி இடத்துக்கு இடம் கிடக்கும், ஒவ்வொன்றையும் நம்ப வேண்டியதில்லை. டிசம்பரில் பனி விழுந்த பிறகு அந்தப் பனி மேல் கறுப்பு மண் புதிதாகச் சிதறிக் கிடந்து, கிளை நுனி ஈரமாக நைந்திருந்தால், ஒரு கலைமான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கிருந்து 15, 20 மீட்டர் தள்ளி, காற்று உங்கள் பக்கம் வீசுகிற இடத்தில் மரம் பாருங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மான் கண்ணை விட மூக்கை நம்பும் பிராணி. அங்கே எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சைப் பையில் வைத்திருப்பார்கள். நம் எருக்கம் பஞ்சு போலவே பட்டிழையாகப் பறக்கும். ஓர் இழையைப் பரணிலிருந்து விட்டால் உங்கள் வாசனை எந்த வழியாகப் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலே எழும்பும், பொழுது சாயும்போது குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். என் தம்பி இருக்கும் தென்மேற்கு விஸ்கான்சின் முழுக்க மேடும் பள்ளமும்தான். சாயங்காலம் பள்ளத்துக்கு மேலே உட்கார்ந்தால் கீழே வரும் ஒவ்வொரு மானும் உங்களை முகர்ந்துவிடும்.

கேள்வி (செங்காங் வாசகி): என் கணவருக்கு 46 வயது. அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை. நண்பர் கூப்பிட்டார் என்று டிசம்பரில் அமெரிக்காவில் மரத்தில் ஏறி உட்காரப் போகிறாராம். விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. எனக்கு வந்த கேள்விகளில் இதற்குத்தான் நிறைய எழுதத் தோன்றுகிறது. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் படுகாயம் அடைவதற்குப் பரணிலிருந்து விழுவதே பெரிய காரணம். நம்மூரில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட் இல்லாமல் ஒருவரையும் ஏற்ற முடியாது. பரண் 5, 6 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே பெர்மிட் கேட்க ஆளில்லை. கனத்த குளிர் உடுப்போடு, பனி உறைந்த படியில், தனியாக ஏறி, இருட்டில் இறங்க வேண்டும். மேற்பார்வையாளரும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான்.

கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் சொன்னதையே அவருக்கும் சொல்கிறேன்: கால் தரையை விட்ட நொடியிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை கயிறு கழலக் கூடாது. பலர் மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் ஹார்னஸை (உடம்பில் கட்டும் பாதுகாப்பு வாரை) மரத்தில் மாட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலோர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், படியிலிருந்து பரண் தட்டுக்குக் கால் மாற்றும்போதும்தான். அதற்கு லைஃப்லைன் கயிறு வேண்டும். பரணுக்கு மேலே மரத்தில் கட்டி, தரை வரை தொங்கவிடுவது. அதில் புரூசிக் முடிச்சு ஒன்று இருக்கும். கையால் தள்ளினால் மேலும் கீழும் நகரும், திடீரென்று இழுபட்டால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே ஹார்னஸை அதில் மாட்டிவிட்டு, முடிச்சைக் கூடவே தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். கடைசிப் படி பரண் தட்டை விட உயரமாக இருக்கட்டும். தட்டுக்குள் இறங்கிக் கால் வைப்பது சுலபம், எக்கி ஏறுவதுதான் ஆபத்து.

உட்கார்ந்த பிறகு முடிச்சு தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஹார்னஸை முடிச்சோடு இணைக்கும் வாரான லேன்யார்டில் தொய்வே இருக்கக் கூடாது. விழுந்தாலும் ஒரு சாண், இரண்டு சாண்தான் என்ற அளவில் அது நிறுத்த வேண்டும்.

நிறுத்திய பிறகும் ஆபத்து முடியவில்லை. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் தொடை வார் அழுத்தி, கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதற்கென்றே கால் வைத்து நிற்க ஒரு வார் தருவார்கள். அது ஹார்னஸில் இருக்கிறதா, கைக்கு எட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி மார்புப் பையில் இருக்க வேண்டும், முதுகுப் பையில் கூடாது. எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவார் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

“நண்பர் போன வருடமே பரண் கட்டி வைத்திருக்கிறார்” என்று சொன்னால் அங்கேதான் நிதானம் தேவை. ஆண்டு முழுக்க வெளியே கிடந்த வார் வெயிலில் மக்கியிருக்கும். அணில் கடித்திருக்கும். மரம் பருத்து வாரை உள்ளுக்குள் இறுக்கியிருக்கும். புது வார் போடாமல் ஏற வேண்டாம். மரமும் உயிரோடு இருக்க வேண்டும். ஆஷ் மரங்களை அரிக்கும் ஒரு பச்சை வண்டு 2008இல் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து செத்த ஆஷ் மரங்கள் அந்தப் பக்கம் ஏராளம். குளிர்காலத்தில் எல்லா மரமும் இலை உதிர்த்து நிற்பதால் செத்தது எது, உயிருள்ளது எது என்று புதியவருக்குத் தெரியாது. நண்பரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. தனிக் கயிற்றில் கட்டிவிட்டு, மேலே போய் உட்கார்ந்து, ஹார்னஸ் மாட்டிய பிறகு இழுத்துக்கொள்ளலாம். அம்பு முனைகள் மூடிய கூட்டுக்குள் இருக்கட்டும், சவர பிளேடு போன்றவை அவை.

போகும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நண்பர் பக்கத்தில் நிற்க, அந்த ஹார்னஸில் தொங்கிப் பார்க்கட்டும். அந்தக் கால் வாரை எடுத்து நின்று காட்டட்டும். அது வரவில்லை என்றால் தரையிலேயே மறைகூடாரம் போட்டு உட்காரலாம். அதிலும் மான் கிடைக்கும்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்): அங்கிள், நான் காம்பவுண்டு வில் எய்பவன். 50 மீட்டரில் என் அம்புகள் பெரும்பாலும் மஞ்சள் வட்டத்துக்குள்ளேயே விழும். மானையும் அதே தூரத்தில் எய்யலாம்தானே? பரண் எதற்கு?

பதில்: கூடாது தம்பி. உன் கை திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. இலக்குப் பலகைக்குக் காது கிடையாது, மானுக்கு உண்டு. நல்ல வேட்டை வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 85 மீட்டர் போகும். அந்தக் குளிரில் ஒலி நொடிக்குச் சுமார் 325 மீட்டர். 18 மீட்டரில் நாண் சத்தம் கேட்டதற்கும் அம்பு சேர்வதற்கும் இடையே மானுக்குக் கிடைப்பது 0.15 நொடி. 50 மீட்டரில் அது 0.4 நொடியைத் தாண்டிவிடும். மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அந்த 0.4 நொடியில் நீ குறிவைத்த இடம் அங்கே இருக்காது. அம்பு முதுகிலோ வயிற்றிலோ பாய்ந்து, மான் நாள் கணக்கில் வதைபட்டுச் சாகும். என்னோடு வருகிற யாரும் 25 மீட்டருக்கு மேல் எய்ய நான் சம்மதிப்பதில்லை.

அந்தத் தூரத்துக்குள் மானைக் கொண்டுவரத்தான் பரண். நம் அசைவு அதன் கண்மட்டத்துக்கு மேலே போய்விடுகிறது, வாசனையும் ஓரளவு மேலாகவே போகிறது. ஆனால் உயரம் கூடக் கூட நல்லது என்று நினைக்காதே. மரத்தடிக்கே வந்துவிட்ட மானைச் செங்குத்தாக எய்தால் ஒரு நுரையீரல்தான் அடிபடும், அந்த மான் வெகுதூரம் போய்விடும். முழுப் பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது சற்றே நம்மை விட்டு விலகித் திரும்பி நிற்கும் மான், இந்த இரண்டை மட்டும் எய். முன்கால் ஓர் அடி முன்னே போனதும் தோளுக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் திறக்கும். நேருக்கு நேர் பார்க்கும் மானையும் நடந்துகொண்டிருக்கும் மானையும் போகவிடு. கொம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போகவிடு. அப்படி விட மனம் வராதவர் பரணில் ஏறாமல் இருப்பதே மேல்.

பயிற்சிக்கு இரண்டு யோசனை. கீழ்நோக்கி எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தினால் உன் நாணிழுப்பின் கோணம் கெட்டுவிடும். கிடைமட்டமாக இழுத்துவிட்டு இடுப்பிலிருந்து குனி. அடுத்து, கனத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு எய்து பார். நம்மூர் வெக்கையில் கொடுமைதான், ஆனால் நாண் சட்டைக்கையில் உரசுகிறதா என்பதை இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகையில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த தசைக்கு வில் மிகவும் கனக்கும். இழுவிசையை ஐந்து பவுண்டாவது குறைத்து வை. வேட்டை முனையை இங்கே எய்தால் இலக்குப் பலகை கிழிந்துவிடும். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதே முனையோடு வில்லைச் சரிபார்.

எய்தபின் உடனே இறங்கி ஓடாதே. மான் கடைசியாகத் தெரிந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள். பிறகு அம்பைத் தேடி எடுத்து விரலால் தொட்டுப் பார். இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் காத்திருந்தால் போதும், பக்கத்திலேயே விழுந்திருக்கும். கறுத்த சிவப்பாக இருந்தால் ஈரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். அப்படியே திரும்பிப் போய் எட்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து வா. அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து ஓடி, கடைசியில் யாருக்கும் கிடைக்காமல் செத்துப்போகும்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): ஆரஞ்சு நிறச் சட்டை கட்டாயம் என்கிறார்களே, மான் பார்த்துவிடாதா?

பதில்: மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் பளிச்சென்று தெரியாது, மங்கலாகத்தான் தெரியும். நீலம் நன்றாகத் தெரியும். ஆகவே ஆரஞ்சு மேலங்கிக்குக் கவலைப்படாமல் நீல ஜீன்ஸைக் கழற்றி வையுங்கள். வெண்மை கூட்டும் சலவைத்தூளும் துணியை நீலமாகப் பளிச்சிட வைக்கும், அதுவும் வேண்டாம். விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டை நடக்கும் நாட்களில் வில்லோடு போகிறவரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு அணிய வேண்டும். டிசம்பரிலும் இடையிடையே அப்படி நாட்கள் வரும், அந்த ஆண்டின் அட்டவணையைப் பாருங்கள். 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருந்தால்தான் அங்கே உரிமம் வாங்க முடியும் என்பதையும் இப்போதே கவனித்துவிடுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் தமிழாசிரியை): வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அம்புக்கு அவ்வளவு வலிமை உண்டா?

பதில்: யானையையும் புலியையும் புலவரிடமே விட்டுவிடுகிறேன் டீச்சர். மானிலிருந்து தொடங்கினால் நம்பலாம். கூரான முனை வெட்டிக்கொண்டே போகும், அதிலும் கனமான அம்பு வேகத்தைச் சட்டென்று இழக்காது. அருகிலிருந்து எய்தால் மானின் ஒரு விலாவில் நுழைந்து மறு விலாவில் வெளியேறி, அப்பால் மண்ணில் குத்தி நிற்பது வழக்கமாகக் காண்பதுதான். அதனால்தான் மானுக்குப் பின்னால் இன்னொரு மான் நிற்கும்போது எய்யக் கூடாது என்பது எங்கள் விதி. ஓரி காலத்திலும் காட்டில் பழகியவர் ஒருவர் இதைக் கண்ணால் பார்த்துத்தான் பாட்டில் ஏற்றியிருப்பார் என்பது என் எண்ணம்.

கேள்வி (ஈசூன் வாசகர்): மண்டாய் சாலை ஓரம் இரவில் பெரிய கொம்போடு ஒரு மானைப் பார்த்தேன். இங்கேயும் வேட்டையாட அனுமதி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டு விலங்கையும் கொல்வதோ பிடிப்பதோ குற்றம். நீங்கள் பார்த்தது கடமான், மிளா என்றும் சொல்வோம். சிங்கப்பூரில் அது அற்றுப்போய், 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழியாக மறுபடி பெருகிய சிறு கூட்டம். ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரமாகவே இருக்கும் நம்மூரில், வெண்வால் மானைப் போல ஒரே மாதத்தில் எல்லாம் இணைசேர வேண்டிய தேவை கடமானுக்கு இல்லை. மண்டாயிலும் புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலேயும் விலங்குகள் கடக்கப் பாலம் கட்டியிருக்கிறார்கள். இரவில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டினால் வேகத்தைக் குறையுங்கள், அதுவே அந்த மானுக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

கேள்வி (தோ பாயோ வாசகர்): நான் சைவம். குட்டி ஈனப்போகும் காலத்தில், பருவ மயக்கத்தில் திரியும் ஒரு வாயில்லா ஜீவனை மறைந்திருந்து கொல்வது பாவம் இல்லையா?

பதில்: ஐயா, கொல்லாமல் வாழ முடிந்த உங்கள் முன்னால் நான் வாதாட வரவில்லை. அங்கே உள்ள நிலையை மட்டும் சொல்கிறேன். 1900 வாக்கில் கட்டுப்பாடற்ற வேட்டையால் அமெரிக்கா முழுவதும் ஐந்து லட்சம் அளவுக்குச் சுருங்கிப்போன வெண்வால் மான் இன்று ஏறக்குறைய மூன்று கோடி. ஓநாயும் பூமாவும் பல மாநிலங்களில் இல்லாமல் போய்விட்டதால் மான் பெருகி, முளைத்து வரும் ஓக் கன்றுகளையும் காட்டுப் பூச்செடிகளையும் தின்றே தீர்த்துவிடுகிறது. தீனி போதாத பனிக்காலத்தில் குட்டிகள் பட்டினியால் சாகின்றன. மான் மீண்டு வந்ததற்கும் வேட்டைக்காரர்களின் பணம்தான் பெரிய அளவில் உதவியது. துப்பாக்கிகள் மீதான வரி 1937இலிருந்தும், வில் அம்பு மீதான வரி 1970களிலிருந்தும் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது.

இதெல்லாம் கணக்கு. கணக்கைத் தாண்டி உங்கள் கேள்வி என்னிடம் இருக்கிறது என்பதும் உண்மை. விழுந்த மானின் பக்கத்தில் மண்டியிடும்போது மகிழ்ச்சி வருவதில்லை, மனம் கனக்கிறது. அந்தக் கனம் குறைந்துவிட்டால் வில்லைத் தொடமாட்டேன். உண்ணாத மானை நான் எய்ததில்லை. கொம்புக்காக மட்டும் கொல்கிறவர்களோடு நான் போவதும் இல்லை.

கேள்வி (புக்கிட் பாத்தோக் வாசகி): இறைச்சியை ஊருக்குக் கொண்டு வரலாமா? எப்படிச் சமைப்பீர்கள்?

பதில்: கொண்டு வருவதை மறந்துவிடுங்கள். அங்கேயே சமைத்து உறவினருக்குக் கொடுப்பதுதான் என் வழக்கம். சமைப்பதற்கு முன்னே ஒன்று முக்கியம். மான்களின் மூளையைச் சிதைக்கும் ஒரு கொடிய நோய் விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. தென்மேற்கு மாவட்டங்களில் அதிகம். நோய் முற்றும் வரை மான் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான செய்தி இல்லை, ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போதே கழுத்தின் மேற்பகுதியோடு தலையைப் பரிசோதனைக்கு ஒப்படைத்துவிடுங்கள், மாநில அரசு இலவசமாகச் செய்கிறது. முடிவு வரும் வரை இறைச்சி உறைபெட்டியில் இருக்கட்டும். மூளை, தண்டுவடம் பக்கம் கத்தி போக வேண்டாம்.

முடிவு நல்லபடி வந்தால், பின்தொடைக் கறியைக் குறுக்கே மெல்லியதாக நறுக்கி, வெள்ளைக் கொழுப்பு இருந்தால் முழுக்க நீக்கிவிடுங்கள். மானின் கொழுப்பு நாக்கில் ஒட்டும். சின்ன வெங்காயம், பூண்டு, புதிதாக இடித்த மிளகு, நல்லெண்ணெய் தாராளமாக. ஆட்டுக்கறி போல வேகவைத்துக்கொண்டே இருந்தால் கட்டையாகிவிடும், மான் சதைக்குள் கொழுப்பே கிடையாது. சூடான சட்டியில் போட்டுப் பிரட்டி, நிறம் மாறியதும் இறக்குங்கள். முன்காலும் கழுத்தும் மட்டும் குழம்புக்கு, அவற்றைக் குறைந்த தீயில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள்.